ஆறாவது கட்டில்

"அஞ்சு பேருக்குத்தான் லைசென்ஸ். கட்டில் ஆறு இருக்கே!" என்றார் டேப் சார்.

பலர் சேர்ந்து தங்கும் வாடகை வீடுகளைச் சோதிக்கும் நகராட்சி அதிகாரி அவர். அளக்கும் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். பதினெட்டு வருடத்தில் தன் கண்ணில் எவனும் மண்ணைத் தூவியதில்லை என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

மற்றபடி வீட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. புகை அலாரத்தை அமுக்கினார், ஊரையே கூட்டியது. ஜன்னல் முழுசாகத் திறந்தது. ஆனால் தலைக்கு இத்தனை சதுர அடி என்று வந்த புது விதிப்படி அந்த அறையில் ஐந்து பேருக்கு மேல் தங்கக் கூடாது. ஆறாவது ஆள் இருந்தால் வீட்டுக்குச் சீல். ஐந்து பேரும் மூட்டையோடு தெருவில்.

"ஆறாவது ஆளு இப்ப இல்ல சார்." வீட்டுக்காரர் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

"இல்லாதவனுக்கு எதுக்குய்யா ஷூ?"

கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷூவைக் குனிந்து தொட்டார். விரலில் தூசி ஒட்டியது. மேலே ஆணியில் இஸ்திரி போட்ட சட்டை. குளியலறையில் ஆறு பிரஷ், அதில் ஒன்று காய்ந்து விறைத்துக் கிடந்தது. பல்கூட விளக்காமல் வேலைக்கு ஓடும் சோம்பேறி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"சரி, பாவம் பாக்கறேன். கட்டிலத் தூக்கி வெளிய போடுங்க. அஞ்சுன்னு எழுதிட்டுப் போறேன்."

யாரும் அசையவில்லை. ஐவரில் மூத்தவனான வெல்டர் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"அத மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க சார். நாளைக்கு ஒரு நாள் போகட்டும்."

அதற்குள் அவன் போன் அலறியது. வீடியோ கால். முகத்தைத் தோளில் துடைத்துச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு எடுத்தான். திரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு வயதான அம்மா.

"எங்கப்பா என் புள்ள? எப்பக் கூப்புட்டாலும் வேலை வேலைங்கறீங்க. அவன் அண்ணன் அங்க வந்து பாத்துட்டு வந்தான், அவனும் வாயத் திறக்கல. நாளைக்கு எனக்கு நெஞ்சக் கீறப் போறாங்க, ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"ஓவர்டைம்மா. இப்பத்தான் போனான். இதோ, அவன் கட்டிலப் பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினான்.

"படுக்கைய எவ்ளோ அழகா போட்டிருக்கான், தங்கம்! நேரத்துக்குச் சாப்புடச் சொல்லு."

"சொல்றேம்மா. நீங்க தைரியமா இருங்க."

அந்தக் குரலைக் கேட்டு டேப் சாருக்கே ஒரு நொடி மனது இளகியது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தெம்பில் பேனாவைத் திறந்தார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறீங்களா? இப்பத்தான் போனான்னு உன் வாயாலயே சொன்னியே! போன் போடு, உடனே இங்க வரச் சொல்லு."

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெல்டர் அந்தக் கலையாத போர்வையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அவன அடக்கம் பண்ணி இன்னியோட இருபது நாளாச்சு சார்."