மூன்றாம் வசனம்

“இருட்டுல சொன்னா யாருக்குடா தெரியும்?” தையற்காரி சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றாள்.

அவள் தம்பிக்குத் தலை சுற்றியது. அவன் தச்சன். எழுத்தே இல்லாத தங்கள் மொழியில் பைபிளின் முதல் புத்தகத்தைக் கொண்டுவர நாலு வருடமாகப் பாடுபடுகிறான். எழுத்து இல்லாததால் அச்சுப் புத்தகம் கிடையாது, வீடியோதான். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்த அறையில் கேமரா தயாராக நின்றது. சரிபார்க்க உட்கார்ந்திருந்த ஏழு பேரில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் வசனம் தேறாது. முதல் பக்கத்தில் பாக்கி இருந்தது மூன்றாம் வசனம் மட்டும்தான்; அதற்கு ஆறு தலைகள் ஆடிவிட்டன. ஏழாவது தலை அக்காவுடையது.

“அக்கா, வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழியை உடைக்காதே. ‘வெளிச்சம் உண்டாகட்டும்’னு கடவுள் சொன்னார், வெளிச்சம் உண்டாச்சு. இதுல என்ன சந்தேகம்?”

“சொல்றப்போ இருட்டுதானே? இருட்டுல சொன்னது எப்படிப் புரியும்? முதல்ல வெளிச்சம், அப்புறம் பேச்சுன்னு மாத்து.”

மூலமொழி கற்ற பண்டிதர் பதறிப்போனார். அவர் சொல்வதை அவருடைய மகள்தான் இவர்கள் மொழியில் எடுத்துச் சொல்வாள்.

“ஐயையோ, வரிசையை மாத்தக் கூடாதும்மா! அந்தக் காலத்துல எழுத்தை எண்ணி எண்ணிப் பிரதி எடுத்தாங்க. எத்தனை தலைமுறை! ஒரு புள்ளி சிந்தாம நம்ம கையில கொடுத்திருக்காங்க.”

எண்ணி எண்ணி எழுதிய அந்த முகம் தெரியாத மனிதர்களை நினைத்ததும் தையற்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“உனக்கு அப்பா நினைப்பே இல்லையா?” தம்பியின் கண் கலங்கியது.

அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அறுபது வருடம் ஞாயிறு தவறாமல் ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு வரியும் புரியாமல் எழுந்து வந்த மனிதர். கண்ணை மூடுவதற்குள் முதல் பக்கமாவது தன் மொழியில் வேண்டும் என்பது அவர் ஆசை. பண்டிதர் நாலு மணி ரயிலைப் பிடித்துவிட்டால் அடுத்த வருடம்தான் திரும்பி வருவார்.

“அப்பா நினைப்புலதான்டா சொல்றேன்! ‘இருட்டுல எப்படிச் சொன்னார்?’னு அவர் கேட்டா நீ என்ன பதில் வெச்சிருக்கே?”

மற்றவர்கள் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் வாங்குவதாக இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கும்மிருட்டு. அத்தனை பேச்சும் பாதியில் நின்றது.

“யாராவது கதவைத் திறங்களேன்!” என்று பண்டிதர் கூப்பிட்டார். அவர் மகள் சுவரைத் தடவியபடி கதவைத் தேடினாள். வேறு யாரும் அசையவில்லை.

தையற்காரியின் கைகளை இரண்டு கைகள் தேடிப் பிடித்தன. உளி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், தம்பியுடையவை. அவளுடைய கைகளைத் தன் கைகளோடு சேர்த்துப் பிடித்து, மூன்றாம் வசனத்தை மெதுவாகச் சொன்னான்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தின் அந்த முதல் இருட்டில், இரண்டாம் வசனத்தில் தண்ணீரின் மேல் அசைந்துகொண்டிருந்த கடவுள் அந்தத் தண்ணீரைத் தொட்டே சொல்லியிருக்கிறார்! ஒரு புள்ளியும் மாற்ற வேண்டாம்.

கதவு திறந்து வெளிச்சம் உள்ளே வந்தபோது அவள் அழுதுகொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தாள். “கரண்ட் வந்ததும் கேமராவைப் போடுடா. சாயங்காலமே அப்பாகிட்ட கொண்டு போகலாம்.”

“அப்பா, தேறிடுச்சு!” என்று பண்டிதரின் மகள் தன் தந்தையைப் பார்த்துக் கூவினாள். பிறவியிலேயே காது கேளாத எட்டுப் பேர் காலையிலிருந்து கைச்சைகைகளாலேயே மல்லுக்கு நின்ற அந்த அறையில், அந்தத் தந்தை, மகள் குரல்களைத் தவிர வேறு குரலே எழவில்லை.