ஊட்டுக்குப் போயாச்சுங்களா?

முதலில் விதை என்றுதான் நினைத்தாள்.

கிளுவை வேலியில் காய்ந்து தொங்கிய கோவைக்கொடியில், ஒன்றன்பின் ஒன்றாகக் கருப்பாய் எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. பொழுது விழுந்துவிட்ட நேரம். கத்திரிக்காடு முழுக்க ஊதாவில் கரைந்துகொண்டிருந்தது. பூ எது, இருட்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

குனிந்து பார்த்தாள்.

விதைக்கு ஏது கால்?

விதைக்கு ஏது வயிற்றில் நீலப்பட்டை?

அட, நீங்களா!

தேனீக்கள். கொடியை வாயால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கிக்கொண்டு, வரிசையாகத் தூங்கின. கடைசிப் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிப்போகிற ஆட்களைப் போல.

மூச்சு விடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

பகல் முழுக்க இந்த இனத்தின் பின்னால்தான் அலைகிறாள். அதற்குத்தான் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது. கத்திரிப்பூ லேசில் மகரந்தத்தைக் கொடுத்துவிடாது. இந்த நீலப்பட்டைக்காரிகள் வந்து பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவைக்க வேண்டும். ர்ர்ர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பொடி உப்பு மாதிரி கொட்டும். அந்தச் சத்தம் கேட்ட பூவில்தான் காய் திரண்டு நிற்கும். படுத்துக் கண்ணை மூடினாலும் அவள் காதுக்குள் அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

பெண் தேனீக்களுக்கு மண்ணுக்குள் பொந்து உண்டு. அது அவளுக்குத் தெரியும்.

ஆண்கள் வெளியில் உறங்கும் என்று எங்கோ ஒரு வரி படித்த ஞாபகம். அந்த வெளி இந்த வேலிதான் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஒன்று தூக்கத்தில் காலை நீட்டி, மறுபடி மடக்கிக்கொண்டது. கனவு காணுமோ என்னவோ. கண்டால் ஊதாவாகத்தான் இருக்கும்.

"எல்லாரும் ஊட்டுக்குப் போயாச்சுங்களா?"

தூக்கிவாரிப்போட்டது.

காட்டின் அந்தக் கோடியில் நாச்சிமுத்து. இந்தக் கத்திரிக்காட்டுக்குச் சொந்தக்காரர். முதுகில் பூச்சிமருந்து டேங்க். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். அவர் வீட்டுச் சண்டை ரோட்டுக்கு அந்தப்பக்கம் வரை கேட்கும்.

முன்பெல்லாம் காலையிலேயே அடித்துவிடுவார், பூ விரிந்து தேனீ மொய்க்கிற நேரத்தில். அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், விவசாயிகள் கூட்டத்துக்குக் கூட்டம் அவரை விடாமல் பிடித்துக்கொண்டாள். "பொழுதோட அடிங்க, சாயங்காலமா. அதுக்குள்ள எல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும்."

ஒருநாள் மனிதர் மனசு இறங்கினார். இறங்கியவர் இறங்கியவர்தான். அன்றிலிருந்து டேங்கின் மோட்டாரைப் போடுமுன் வரப்பில் நின்று, காட்டைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. ஊர் சிரித்தது. சிரித்தவர்களும் ஒவ்வொருவராக மாலைக்கு மாறினார்கள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

வீட்டுக்குப் போயிருக்கும்.

எந்த வீட்டுக்கு?

இத்தனை மாலையும் கேட்டுவிட்டுத்தான் அடித்திருக்கிறார். தூங்குகிறவன் என்ன பதில் சொல்லுவான்?

மோட்டார் இரையத் தொடங்கியது. வேலியோரத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்.

கொடியை நுனியில் கிள்ளி, மெல்ல எடுத்தாள். ஒன்றுகூட விழிக்கவில்லை. எங்காவது தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிடலாம், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று திரும்பினாள்.

அடுத்த கொடியிலும் இருந்தன.

அதற்கடுத்த கொடியிலும்.

காய்ந்த புல்லில், முள்ளில், நாச்சிமுத்து வருகிற வழி நெடுக. வேலி முழுக்கத் தூக்கம் தொங்கியது.

சொன்னால், மனிதர் கோபத்தில் மறுபடி காலைக்கே போய்விடுவார். அவர் பின்னால் ஊரும் போகும். பெண்களும் மிஞ்சாது.

சொல்லாவிட்டால், இன்றைக்கு இவை சாகும். யாருக்கும் தெரியவே போவதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

கையிலிருந்த கொடி ஆடாமல் வரப்பில் நடந்தாள். அணைந்துவிடுமோ என்று விளக்கைக் கொண்டுபோகிற மாதிரி. அவர் முன்னால் போய் நின்றாள். நீட்டினாள்.

நாச்சிமுத்து குனிந்தார்.

"வீட்டுக்குப் போகலைங்க," என்றாள். "நான் சொன்னது தப்பு. இவங்களுக்கு வீடே இல்லை."

வேலியைக் காட்டினாள்.

அவர் பார்த்தார். ஒரு கொடியைப் பார்த்தார். பிறகு அடுத்ததை. கண் வேலியோடு போய்க்கொண்டே இருந்தது. கை தானாகப் பின்னால் போய் மோட்டாரை நிறுத்தியது.

எங்கும் சத்தமே இல்லை.

இப்போது கத்துவார். அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள். கத்தினால் வேலியே பறந்துவிடும். எல்லாம் போச்சு.

"அப்ப, காத்தாலயும் கூடாது, பொழுதோடயும் கூடாது. எப்பத்தானுங்க அடிக்கறது?"

நிமிர்ந்து பார்த்தாள். டேங்கை முதுகிலிருந்து கழற்றி, தரையில் படுகிற ஓசை வராமல், மெல்ல, மெல்ல வரப்பில் இறக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கிசுகிசுப்பாகத்தான் கேட்டிருந்தார்.