முப்பதுக்கு இருபத்தொன்பது

"இருபது வருஷமா நான் செங்கல் சுமந்தது பத்தாதா டீச்சர்? என் பொண்ணும் சுமக்கணுமா?"

சித்தாள் வேலையிலிருந்து நேரே பள்ளிக்கு வந்திருந்தாள். சேலைக்கு மேல் மாட்டியிருந்த ஆண்சட்டையில் சிமென்ட் காய்ந்து வெடித்திருந்தது. அவளுக்குப் பின்னால் பத்தாம் வகுப்பு மகள், சுவரோடு சுவராக நின்றாள்.

வழிகாட்டி ஆசிரியை நாற்காலியைக் காட்டினார். "முதல்ல உக்காருங்கம்மா. யார் சுமக்கச் சொன்னது?"

"உங்க காகிதம்தான். போன மாசம், எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை தோதுப்படும்னு பரீட்சை வச்சீங்கல்ல? பெத்தவங்களும் வரணும்னு சொன்னீங்கன்னு அரைநாள் வேலையை விட்டுட்டு நானும் வந்தேன். இப்ப என்னடான்னா, கட்டட வேலைன்னு போட்டு அனுப்பியிருக்கீங்க. இதைச் சொல்லப் பரீட்சை எதுக்கு? எங்க மேஸ்திரியே சொல்லியிருப்பாரே."

ஆசிரியை சிரித்துவிட்டார். "மண்ணு சுமக்கிற வேலை இல்லம்மா. பிளான் போடுற வேலை. இன்ஜினியர்."

"யாரு, தொப்பி போட்டுக்கிட்டு வந்து நிழல் தேடி நிப்பாரே, அவரா?"

"அவரேதான். மடிச்ச அட்டையைப் பிரிச்சா எப்படி இருக்கும், ஒரு பெட்டியைப் பின்னால இருந்து பார்த்தா எப்படித் தெரியும், இந்த மாதிரி முப்பது கேள்வி. எழுத்தே கிடையாது. எல்லாம் படம். சரியான படத்துல பென்சிலால கோடு போடணும். உங்க பொண்ணு முப்பதுக்கு இருபத்தொன்பது!"

சித்தாளின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"போன வருஷம் அந்த இன்ஜினியர் ஒரு மாடிப்படிக்கு அளவு சொன்னாரு டீச்சர். இப்படியே போனா மேல ஏறுறவன் தலை இடிக்கும்னு நான் சொன்னேன். 'உனக்கென்ன தெரியும், சட்டியைத் தூக்கு'ன்னாரு. கான்கிரீட் காஞ்சு பலகையைப் பிரிச்சதும் முதல்ல இடிச்சது அவரு தலைதான்." அவளே சிரித்துக்கொண்டாள். "என் பொண்ணு போட்டா அப்படி இடிக்காது, இல்ல?"

"அம்மா." மகள் மெதுவாக வாயைத் திறந்தாள். "எனக்கு அது வேணாம்மா. நான் நர்சுக்குத்தான் படிப்பேன்."

"சும்மா இருடி. தானா வர்ற லட்சுமியைக் காலால தள்ளாதே."

"எனக்கு நேர்கோடே வராதும்மா. ஸ்கேல் வச்சாலும் கோணும்."

"கோணினா நிமிர்த்திக்கலாம். டீச்சர், எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று எழுதிக்கொடுக்க அன்றுதான் கடைசி நாள். கணிதப் பிரிவு, செவிலியர் பிரிவு, இரண்டில் ஒன்றில் வட்டம் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். படிவத்தைப் பார்த்ததுமே மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல எதுக்குடி அழற?"

"நீ சாரத்துல இருந்து விழுந்து பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தியே. உன்னைப் புரட்டிப் போட்டு முதுகு துடைச்சு விட்டாங்களே ஒரு அக்கா, அவங்களையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

சித்தாளின் குரல் இறங்கியது.

"அந்த வேலையிலயும் நாள் பூரா நிக்கணும், குனியணும், ஆளைத் தூக்கணும். என் இடுப்பு போனது போதும்டி. நீயாவது நாற்காலியில உக்காந்து வேலை பாரு."

ஆசிரியைக்கு வேறொன்று உறுத்தியது. ஸ்கேல் வைத்தும் கோடு கோணுகிற பிள்ளைக்கு இருபத்தொன்பதா? அலமாரியைத் திறந்து விடைத்தாள் கட்டை எடுத்தார். தாள்களில் பெயர் கிடையாது. மேலே வரிசை எண் மட்டும். புரட்டிக்கொண்டே வந்தவர் மகளின் எண்ணில் நின்றார்.

"நாற்பத்தொண்ணுல ரெண்டு தாள் இருக்கே!"

மகள் எட்டிப் பார்த்தாள். "இதுதான் டீச்சர் என்னோடது."

அதில் பாதிக்கு மேல் தப்பு. விடைத்தாள் திருத்தும் மிஷின் அதைத் திருத்தவே இல்லை. ஓர் எண்ணுக்கு ஒரு தாள் என்று, முதலில் கிடைத்த இன்னொன்றைத் திருத்திவிட்டு நகர்ந்திருந்தது.

"அப்ப நான் நர்சுக்கே போடலாமா?" மகள் ஆசிரியையைக் கேட்டாள், பார்த்தது அம்மாவை.

"போட்டுக்கடி," என்றாள் சித்தாள். அவள் கண் அந்த இன்னொரு தாளை விட்டு அகலவில்லை.

ஆசிரியை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கம் புடைக்கும் அளவுக்கு அழுத்தமான கோடுகள். "ஒரு இடத்துல கூட அழிச்சு எழுதல. எந்தப் பிள்ளைடி இது? இந்தப் பிள்ளையை விடவே கூடாது."

சித்தாள் சட்டைக்கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"பிள்ளை இல்ல டீச்சர்... அன்னிக்குக் கடைசி பெஞ்சுல சும்மா உக்காந்திருந்த எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்க. எல்லாரும் மேல நம்பர் போடுங்கன்னாங்க. எனக்குன்னு ஏது நம்பர்? இவ நம்பரைப் போட்டுட்டேன்."