தட்டில் இரண்டு கறையான்

தங்கபுஷ்பம் தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த கட்டில் எரிப்பதற்காகக் கொல்லையில் கிடந்தது. பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கேனோடு மாமியார் நின்றாள். வாசல் நிலையை அரித்துத் தின்ற கறையான் அந்தக் கட்டிலிலிருந்துதான் பரவியது என்பது அவள் தீர்ப்பு.

தங்கபுஷ்பம் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்தாள். கட்டில் காலைக் கத்தியால் நெம்பி ஒரு கறையானை அதில் உதிர்த்தாள். வாசல் நிலையில் ஏறியிருந்த மண்புற்றைப் பெயர்த்து இன்னொன்றைப் பக்கத்தில் விட்டாள்.

“நல்லா பாருங்க அத்தை. கட்டில்ல உள்ளதுக்குத் தலை தடிச்சுச் செவந்திருக்கு. அது காஞ்ச மரத்துக்குள்ளயே கெடந்து கசகசா மாதிரி எச்சம் போடும். நிலையில உள்ளது வெளுத்து மெலிஞ்சிருக்கு. ஈரமண்ணு இல்லாம அதால நகர முடியாது. அது உங்க வீட்டு அடிமண்ணுல இருந்து ஏறினது.”

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டையும் கட்டைவிரலால் ஒன்றாக வைத்துத் தேய்த்தாள்.

“இப்பச் சொல்லுட்டி, இதுல எது உன் கட்டில்ல உள்ளது?”

தங்கபுஷ்பம் அருகில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

“ரெண்டும் கறையான்தானே, விடேன்” என்ற சுடலைமணி, தீப்பெட்டியை அம்மாவிடம் நீட்டினான்.

கட்டில் எரிந்து அடங்கிய பிறகு அவன் சாப்பிட உட்கார்ந்தான். அவள் அந்தத் தட்டைக் கழுவியிருக்கவில்லை. அதிலேயே சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“தட்டுதானே, சாப்பிடுங்க.”