மூன்றாவது யோஷி

நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும் இயந்திரத்துக்கு அன்று கடைசிச் சோதனை. ரப்பர் பொம்மையை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை தூக்கியாயிற்று, நாற்பது முறை கீழே போட்டும் ஆயிற்று. இனி ஓர் ஆளைத் தூக்கிக் காட்டினால்தான் சான்றிதழ். அதன் பிறகுதான் மருத்துவமனை. பொம்மையை மூலை நாற்காலியில் உட்காரவைத்து, விரல்கள் ஒட்டியே வார்த்த அதன் கைகளை மடியில் வைத்துவிட்டு, சிஸுரு கட்டிலில் படுத்தாள்.

“மத்தியானம் ரெண்டு கிண்ணம் ராமென் சாப்பிட்டியே, இது தாங்குமா?” என்றார் அவளோடு சோதனை நடத்தும் மூத்தவர் நாகுமோ.

“கிண்டல் அப்புறம். முதல்ல வாரைப் பாருங்க, நாகுமோ-சான்.”

அந்த ஜப்பானியச் சோதனைக்கூடத்தில் எதையும் விரல் நீட்டிக் காட்டி, ‘யோஷி’, அதாவது சரி, என்று உரக்கச் சொன்னால்தான் சரிபார்த்ததாக அர்த்தம். அறையில் இருக்கும் எல்லோரும் சொல்லாவிட்டால் இயந்திரம் அசையாது. இருவரும் இடுப்பு வாரைக் காட்டி, “யோஷி!” என்றார்கள்.

இயந்திரம் அசையவில்லை. திரையில், ‘ஆள் மூன்று, யோஷி இரண்டு’ என்று வந்தது.

“மூணாவது யாரு?” என்றாள் சிஸுரு.

நாகுமோ குனிந்து வாரை இழுத்தார். கொக்கி கையோடு வந்துவிட்டது.

“ஐயையோ, மாட்டவே இல்லம்மா. இருபது வருஷப் பழக்கம், பார்க்காமலே வாய் சொல்லிடுச்சு.”

மாட்டினார், இழுத்துப் பார்த்தார். மறுபடி இருவரும் விரல் நீட்டினார்கள். ‘ஆள் மூன்று, யோஷி மூன்று.’ இயந்திரம் அவளைப் பூப்போல ஏந்திக்கொண்டது.

அந்த உயரத்திலிருந்து மூலை நன்றாகத் தெரிந்தது. பொம்மை வைத்த இடத்திலேயே இருந்தது. வலது கை மட்டும் மடியில் இல்லை. ஒற்றை விரலை நீட்டி, அவள் இடுப்பு வாரைக் காட்டிக்கொண்டிருந்தது.