கோர்ட்டுத் துணை

சுதந்திரம் வந்த வருஷம். கஜா பேராங் பகுதியில், வேலை முடிந்து அந்தி மசங்கலில் சந்து வழியே திரும்பிய பாக்கியலட்சுமியை ஒருவன் மறித்து இழுத்தான். எதிர்த்ததில் அவள் கை முறிந்தது. பிறகு போலீஸ் பிடித்து நிறுத்தியவனை அவள் அடையாளம் காட்டினாள்.

வழக்கு நாளில் கோர்ட்டு வாசலில் அவள் தனியாக நின்றபோது ஓர் அம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சாரதாம்பாள். தனியா வர்ற பொம்பளைங்களுக்குத் துணையா இருப்பேன்."

மூன்று வாய்தாவுக்கும் அவர் வந்தார். கோப்பி வாங்கிக் கொடுத்தார். கண்ணீரைத் துடைத்துவிட்டார்.

"அவன் மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கும்மா. ஆனா சாட்சி சொல்லத்தான் பயமா இருக்கு" என்றாள் பாக்கியம்.

"மசங்கல் நேரம்தானே? 'நிச்சயமாத் தெரியாது'ன்னு சொல்லிடு. ஏதாவது தப்பாப் போச்சுன்னா பொய்ச்சாட்சின்னு உன்னையே உள்ளே போட்டுடுவாங்க."

பாக்கியம் பயந்துபோய் அப்படியே சொன்னாள். அவனை விடுதலை செய்துவிட்டார்கள்.

வெளியே சாரதாம்பாள் தன் காரின் முன்கதவைத் திறந்து அவனைக் கூப்பிட்டார்.

"ஏறுடா தம்பி. நம்ம அம்மா சாப்பிடாம காத்திருக்காங்க."

பிறகு பாக்கியத்தைப் பார்த்துப் பழையபடியே கனிவாகச் சிரித்தார்.

"நீயும் பின்னால ஏறிக்கோம்மா. வீட்டுல இறக்கி விடுறோம்."

பாக்கியம் காறித் துப்பிவிட்டு நடந்தாள்.