ஐந்தாவது கம்பி

"ஏங்க, இந்த அஞ்சாவது கம்பி துணி காயப்போடற கொடி மாதிரி தொளதொளன்னு ஆடுது. இதையா என் தலையில கட்டப் பார்க்கறீங்க?"

அவள் கணவர் கேட்ட கேள்வியில் இசைக்கருவிக் கடைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. கறுப்பு பேஸ் கிடாரைத் திரும்ப வாங்கி மாட்டி வைத்தார்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டிரம்ஸ் வாசிப்பவர்கள் உட்காரும் வட்ட முக்காலியில் அமர்ந்திருந்தாள். குடும்பமே ஒரே இசைக்குழுவில் இருந்தது. அவர் பேஸ், அவள் கீபோர்டு, ஒவ்வொரு கருவியின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் சவுண்டு போர்டில் அவள் தம்பி. போன வாரம் குழுத் தலைவர் அவள் கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "பேஸ் பிரமாதம்யா, கேக்கறவங்க நெஞ்சு அதிருது. ஆனா புதுப் பாட்டெல்லாம் இன்னும் ஆழமா போகுது. உன் நாலு கம்பி பத்தாது. அடுத்த நிகழ்ச்சிக்குள்ள அஞ்சு கம்பி வாங்கிடு. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்."

அந்தப் பேச்சின் முன்பாதியை அவள் கணவர் தெரிந்தவர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார். பின்பாதியை நினைத்துச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். அந்த மேடை போனால் மனுஷன் பாதி ஆளாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் புது ஃப்ரிட்ஜுக்குச் சேர்த்து வைத்த பணத்தைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தாள். பழைய ஃப்ரிட்ஜின் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் நாற்காலி இன்னும் ஒரு வருஷம் நின்றால் போகிறது.

"உங்க விலைக்குள்ள தரமா வேணும்னா இதைப் பாருங்க சார்," என்று கடைக்காரர் சிவப்பில் ஒன்றை எடுத்தார். "விலை குறைஞ்சா முதல்ல சொதப்பறது அந்த அஞ்சாவது கம்பிதான். இதுல கழுத்து கொஞ்சம் நீளம். அதனால கம்பி விறைப்பா நிக்கும்."

"எனக்கேவா? உலகத்துல இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்துட்டுதான் வந்திருக்கேன்."

அவள் கணவர் அதை வாங்கிக் கண்ணை மூடி, தலையை வெட்டி வெட்டி வாசிக்க ஆரம்பித்தார். கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து மரியாதைக்காகக் காலால் தாளம் போட்டார். இரண்டு தட்டு சரியாக விழுந்தது. மூன்றாவதுக்கு எழுந்த கால், எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்று, பிறகு மெதுவாக நாற்காலிக்கடியில் ஒதுங்கிக்கொண்டது.

"எப்படி?" என்றார் கண்ணைத் திறந்து.

"ரொம்ப... வித்தியாசமா வாசிக்கறீங்க சார்."

"எல்லாரும் சொல்றதுதான்."

செல்போனிலிருந்து தலையைத் தூக்கிய தம்பி, "இதையே எடுங்க மாமா. லைட்டு பட்டா சும்மா தகதகன்னு இருக்கும்," என்றான்.

"கேட்டியாம்மா உன் தம்பி பேச்சை! சவுண்டு பார்க்கற ஆளு, சவுண்டு எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டானா? புடவைக் கடைக்கு வந்த மாதிரி கலர் பார்க்கறான்!"

"எடை எவ்வளவு இருக்கும்?" என்று அவள் கடைக்காரரைக் கேட்டாள். "நிகழ்ச்சி முடியற வரைக்கும் இவர் தோள்ல தொங்கணும். போன தடவையே தைலம் தேய்ச்சு என் கை ஓய்ஞ்சு போச்சு."

"லேசான மரம்தான் மேடம்."

"அஞ்சாவது கம்பி எதுவரைக்கும் கீழ இறங்கும்?"

"நாலு கம்பி முடியற இடத்துலேருந்து இன்னும் அஞ்சு கட்டை கீழ போகும்."

அவள் கணவர் சிரித்துவிட்டார். "உனக்கெதுக்கும்மா அந்த ஆராய்ச்சி? கீபோர்டுல நீ செய்யறது பூ வேலை. அஸ்திவாரம் போடறவன் நான். நான் ஒரு நிமிஷம் கையை எடுத்தேன்னு வை, பாட்டு அங்கேயே படுத்துடும்."

"சரிங்க," என்றாள். கல்யாணமானதிலிருந்து அதிகம் சொன்ன வார்த்தை அது, நாக்குக்குப் பழகியிருந்தது.

இன்னும் இரண்டு கிடார்களைக் குறை சொல்லிவிட்டு, கடைசியில் அந்தச் சிவப்பையே தானே கண்டுபிடித்ததுபோல் தேர்ந்தெடுத்தார். பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பில் போடும் இடத்தில் நின்று, நெஞ்சு அதிர்ந்த கதையைக் கடைக்காரருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

தம்பி அவளை வாசல் பக்கம் இழுத்தான். "ஃப்ரிட்ஜை விட்டுட்டு இதை வாங்கற. உனக்கே நல்லா இருக்காக்கா? இப்பவாவது உண்மையைச் சொல்லித் தொலையேன்."

"மெதுவாப் பேசுடா. அவர் முகத்தைப் பாரு. சொல்ல மனசு வருமா?"

"அவர் தாளம் தப்பறது வெளிய தெரியக் கூடாதுன்னு நீ சொன்னதுக்காக, உங்க கல்யாணத்துலேருந்து போர்டுல அவர் லைனை மூடியே வெச்சிருக்கேன். அவர் வாசிக்கறது அவர் காலடி ஸ்பீக்கர்ல மட்டும்தான் கேக்குது. தலைவருக்கு நெஞ்சு அதிர்றதெல்லாம் கீபோர்டுல உன் இடது கை வாசிக்கற பேஸால. இதுல அஞ்சு கம்பி வந்து என்னக்கா ஆகப் போகுது?"

"உனக்கென்ன, வழக்கம்போல மூடி வெச்சிடுவ," என்றாள் அவள், இடது கைச் சுண்டுவிரலை நீட்டி மடக்கிக்கொண்டே. "எனக்குத்தான்டா வேலை. அடுத்த நிகழ்ச்சிக்குள்ள இன்னும் அஞ்சு கட்டை கீழ வாசிச்சுப் பழகணும்."